வலது, சற்றே தாழ்ந்து

இரவு பதினொன்றரை.
பியூட் நகரில் மைனஸ் இருபத்தாறு.
சலவைக்கடையில் நானும்
பதினான்கு உலர்த்திகளும்
எவனோ விட்டுப்போன கம்பளிக் காலுறைகளும்.
காலை எட்டு மணிக்குத் தேர்வு.

இயந்திரங்களின் நெற்றியில்
அட்டைகளை ஒட்டியிருக்கிறேன்.
மூன்றாம் எண் செரிமான மண்டலம்,
ஏழு நிணநீர்,
பதினொன்று நரம்பு, அது லேசாக ஷாக் அடிக்கும்.
ஒன்பது போன வருஷமே பழுது.
அதில் இனப்பெருக்கத்தை ஒட்டியது
தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பனி வழிக்கும் வண்டியை வாசலில் உறுமவிட்டு
பாஸ்கோ வந்தான். வகுப்புத் தோழன், வயது பத்தொன்பது.
கையில் பாதி தின்ற இறைச்சிப் பேஸ்டி.
என்னை விடச் சரியாக
இருபது வயது சின்னவன்;
கல்லூரியில் எங்கள் இருவரையும்
அம்மா, மகன் என்றே நினைக்கிறார்கள்.
"டானிட்சா, நீ கேள், நான் சொல்கிறேன்."
எப்போதும் அப்படித்தான் தொடங்குவான்,
ஐந்தாவது அட்டையில்
அவனே கேட்க ஆரம்பித்துவிடுவான்.

"எந்த எலும்பையும் தொடாத எலும்பு?"
நாவடி எலும்பு.
"பாவம், தனியாக."
தனி என்று யார் சொன்னது,
சுற்றிலும் தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.
அது இல்லாமல்
இந்தப் பேஸ்டியை உன்னால் விழுங்க முடியாது.

இதயத்தில் அவனுக்கு வழி தப்பும்.
வலது மேலறை, மூவிதழ் வால்வு, வலது கீழறை,
அங்கிருந்து நேரே பெருந்தமனிக்குப் போய்விடுவான்.
சுவரில் இருக்கும் சில்லறை இயந்திரத்தைக் காட்டினேன்:
கசங்கிய நோட்டோடு வருகிறாய்,
முதலில் நுரையீரலில் மாற்றிக்கொள்,
பிறகுதான் இடப்பக்கம் எதுவும் ஓடும்.
"அடச்சே" என்றான். பிறகு அவன் தப்பவில்லை.

பன்னிரண்டே கால்.
"சிறுநீரகங்கள் எத்தனை?"
ஒன்று, என்றேன்.
அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.
"தப்பு. இரண்டு."
இன்னொன்று ஐடஹோவில் லாரி ஓட்டுகிறது.

சிரித்தான்.
உலர்த்தி ஒரு சுற்று சுற்றி வந்தது.
பிறகு சிரிக்கவில்லை.

அண்ணன் லாசோ. ஆறு வருஷமாகிறது.
நன்றி என்று ஒரு வரி எழுதியதில்லை,
நாற்பது டாலர் கடன் வேறு.
ஞாயிறு தவறாமல்
ஒரே ஒரு குறுஞ்செய்தி மட்டும்:
இன்று வெளிர் மஞ்சள்.
சில வாரம், சற்று அடர்த்தி, வெயிலில் ஓட்டினேன்.
எங்கள் குடும்பத்தில்
யாரும் யாருக்கும் எழுதிய கடிதங்களில்
இவைதான் நீளமானவை.

பாஸ்கோ அட்டையைக் கீழே வைக்கவில்லை,
என்னையும் பார்க்கவில்லை.
"அப்போ மிச்சமிருக்கிறது?"
என்று அட்டையிடமே கேட்டான்.

பாடப்புத்தகத்தில் அதற்கு இரண்டே வரி.
எஞ்சிய சிறுநீரகம் மெல்லப் பருக்கும்,
போனதன் வேலையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.
கூடுதல் சம்பளம் கேட்டதாக
எந்த அடிக்குறிப்பும் இல்லை.
எனக்கு மிஞ்சியது வலது,
கல்லீரலுக்கு அடியில் சற்றே தாழ்ந்து உட்கார்ந்திருப்பது.
மாடிவீட்டுக்காரர் குதித்தாலும் முறையிடாத ஜென்மம்.

ஊருக்கு வடகிழக்கே
செம்பெடுத்த பெருங்குழியில்
கெட்ட நீர் ஏறிக்கொண்டிருக்கிறது,
பம்புகள் எங்கோ இரைகின்றன.
இந்த ஊரில் பிறந்தவளுக்கு
வடிகட்டுவது என்றால் என்னவென்று
படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.
ஆனாலும் நெஃப்ரானின் படத்தை
நான்கு முறை வரைந்தேன்.
ஹென்லே வளைவு நான்கு முறையும்
ஹேர்பின் போல வராமல் கொக்கி போல வந்தது.

இரண்டு மணிக்கு பாஸ்கோ போனான்,
சாலைகளைத் திறந்துவைக்க.
மேசையில் எனக்கென்று
ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

காலையில், நாற்பத்தொன்றாம் கேள்வி.
தோலில்லாத ஒரு மனிதன்,
முதுகைக் காட்டி நிற்கிறான்,
விலாவின் அடியில் இருபுறமும் கோடுகள்.
ஒரு கணம் இடப்பக்கக் கோட்டில்
எழுதத் தோன்றியது: ஐடஹோ.

இடது சிறுநீரகம், என்று எழுதினேன்.
படத்திலிருப்பவனுக்கு அண்ணன் இல்லை போலிருக்கிறது.
நாற்பத்திரண்டாம் கேள்வி மண்ணீரலைப் பற்றி.
தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.