முடிக்கும்

க்ளைப்பெடாவில் நவம்பர்.
நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
மூடுபனியில் இடுப்பு வரைதான் இருக்கின்றன.
மூன்றாம் மாடியில் ஸ்கிர்மாண்டே
ஒரே வரியை ஒன்பதாவது முறையாக அழிக்கிறாள்.

குளிர்கிடங்குக் கதவு விற்கும் நிறுவனம் அது.
மூடுவது என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும்:
ரப்பர் விளிம்பு ஒட்ட வேண்டும்,
குளிர் கசியக் கூடாது.
முடிப்பது என்றால்தான் தெரியவில்லை.

விற்பனை மென்பொருளில் ஒரு கருவி.
போன வருடம் அதற்கு விளக்கம் எழுதியது வைதோட்டாஸ்.
கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான்.
இரண்டே சொல்:
பேரத்தை முடிக்கும்.

முடிந்த பேரம்
கைகுலுக்கியதா, கைகழுவியதா?
பக்கத்து மேஜைக்காரருக்கு இது ஒரு கேள்வியே இல்லை.
ஃபோனை வைத்த விதத்திலேயே தெரிந்துவிடும்.
முகவர் என்ற சொல்லுக்குள் ஒரு முகம் இருக்கிறது;
இந்த முகவருக்கு இல்லை.
யார் புருவத்தையும் அது பார்க்காது.
இருப்பது அந்த இரண்டு சொல்.

"செத்த பேரங்களையெல்லாம் முடித்துவிடு" என்று
வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு
எல்லோரும் பீர் குடிக்கப் போனார்கள்.
அது முடித்தது.
பதினேழையும்.
வென்றதாக.
நள்ளிரவுக்குள் பதினேழு விலைப்பட்டியல்கள்,
"எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" என்ற வரியோடு.

திங்கட்கிழமை பதினாறு பேர் திட்டினார்கள்.
பதினேழாவது பதில் வெண்ட்ஸ்பில்ஸிலிருந்து,
மீன் புகையூட்டும் கூடம் வைத்திருந்த விஸ்மா ஓஸ்லாபா:
மார்ச்சிலேயே எல்லாம் எரிந்துவிட்டது.
கதவு அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.
எதில் மாட்டுவது என்றும் சொல்லிவிடுங்கள்.

இயந்திரத்தின் மேல் பழி போட
வைதோட்டாஸிடம் ஒரு முழுக் கூட்டம் இருந்தது,
படங்களோடு.
ஸ்கிர்மாண்டே அந்த இரண்டு சொல்லைத்
திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.
யாரும் எதுவும் பேசவில்லை.
காபி இயந்திரம் மட்டும்
தன்னைத்தானே கழுவிக்கொண்டது.

இப்போது எழுதுகிறாள்:

இது பேரத்தை வென்றதாகக் குறிக்கும்.
குறித்ததும் வாங்குபவருக்கு விலைப்பட்டியல் போகும்.
போனதைத் திரும்ப அழைக்க முடியாது.
வாங்குபவர் கையொப்பமிட்ட தேதி உன்னிடம் இல்லையா,
இதைத் தொடாதே.
கைவிட்ட பேரத்துக்கு இது அல்ல;
அதற்கு 'கைவிடு' என்று வேறொன்று இருக்கிறது.
எதுவென்று தெரியாவிட்டால் கேள்.

கல்லூரி நாளில் கவிதை எழுதியவள்.
சொல்லாமல் விடுவதில்தான்
எல்லாம் இருக்கிறது என்று நம்பியவள்.
இங்கே விட்ட இடத்திலெல்லாம்
யாரோ ஒருவர் வீட்டுக்கு ரசீது போகிறது.

"நீளம்" என்றான் வைதோட்டாஸ்,
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.
'திரும்ப அழைக்க முடியாது' என்பதை எடுத்துவிடலாமே,
விற்பனைக்கு அது நல்ல தொனி இல்லை.
எடுத்தாள்.
அவன் தூக்கி வரை போவதற்குள்
திரும்ப வைத்தாள்.

'கேள்' என்ற சொல்லில்தான் நெடுநேரம் நின்றாள்.
யாரிடம் கேட்பது?
இரவு பதினொன்றரைக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?
'காலை வரை காத்திரு' என்று சேர்த்தாள்.

விஸ்மாவுக்கான கடிதத்தை
எந்தக் கருவிக்கும் கொடுக்கவில்லை.
மன்னிக்கவும் என்று தொடங்கி,
தீயைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று எழுதி,
தெரிந்திருக்க வேண்டும் என்று மாற்றி,
அதையும் அழித்தாள்.
பட்டியல் ரத்து, பணம் எதுவும் தர வேண்டாம்.
அதற்குமேல் ஒரு வரி வரவில்லை.
அப்படியே அனுப்பினாள்.

மறுநாள் எட்டு மணிக்கு மேஜையில் தேநீர்,
திரையில் இரவு வந்த ஒரு செய்தி:

ரீகா, இரட்டைக் கதவு, கையொப்பத் தேதி இல்லை.
இரண்டு பெயர்கள் ஒரே மாதிரி இருக்கின்றன.
எதையும் செய்யவில்லை.
எந்த ஓஸ்லாபா?

கையுறையைக் கழற்றாமலே
பதிலைத் தட்டத் தொடங்கினாள்,
எழுத்துகள் இரண்டிரண்டாக விழ.