நிலையம் நாற்பத்திரண்டு

ஐயாயிரத்து நூற்று எழுபது மீட்டர்.
இறங்க ஒன்றரை மணி, ஏற ஒன்றரை மணி.
நடுவே வின்ச்சின் ஒரே சுருதி,
ஆறிப்போன காபி,
தெயாரோவா சீட்டுக் கலைக்கும் சத்தம்.

காலையில் நாற்பத்தொன்று நன்றாகவே வந்தது.
பெட்டி நிறையக் கால் சதுர மீட்டர் கடல்தரை,
காபித்தூள் நிறச் சேறு,
அதன் மேல் பாதி புதைந்த கறுப்புக் கட்டிகள்.
ஒன்றில் நூல்போன்ற தண்டு,
தண்டின் நுனியில் வெள்ளையாய் ஒரு பஞ்சுயிர்.
அதைக் கத்தரித்த பிறகே நிறுக்க வேண்டும்,
விதி அப்படி.
கத்தரித்தேன்.

ஆடும் கப்பலில் தராசு பொய் சொல்லும்.
மூன்று முறை நிறுத்து நடு எண்ணை எடுப்போம்.
ஆறு கிலோ இருநூறு கிராம்.
நான்கால் பெருக்கினால்
சதுர மீட்டருக்கு இருபத்து நாலு எண்ணூறு.
"நல்ல விளைச்சல்" என்றார் ஹால்வர்.

விளைச்சலாம்.
பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்.
ஒரு கட்டி கைதவறி உடைந்தது.
உள்ளே, வளையம் வளையமாய்க் கறுப்புச் சூழ,
ஒரு சுறாப் பல்.
இன்னும் கூர் மழுங்கவில்லை,
விரலில் கீறிவிட்டது.

மதியம் நாற்பத்திரண்டு.
பெட்டியின் தாடை பாதி மூடிச் சிக்கியிருந்தது.
ஓரத்தில் கொஞ்சம் சேறு.
கட்டி ஒன்றுமில்லை.
வழியில் கொட்டியதா,
அங்கே இல்லவே இல்லையா?

சுழியம் போட்டால் வரைபடத்தில் ஒரு குழி விழும்.
காலியாய் விட்டால்
அக்கம்பக்கத்து எண்கள் மெல்ல நகர்ந்து வந்து
குழியைத் தங்கள் கோபால்ட்டால் நிரப்பிவிடும்.
அவத்தியு துறைமுகத்துக்கு நாங்கள் திரும்புமுன்
அந்த நிரப்பலுக்கு ஒரு விலையும் வந்திருக்கும்.

"காலியாய் விடு, எல்லோரும் செய்வதுதான்."
ஹால்வர் கெட்டவரில்லை.
களைத்திருந்தார்.

'தெரியாது' என்று தட்டினேன்.
கட்டம் சிவந்தது:
எண்களை மட்டும் உள்ளிடவும்.

கேப்டன் எரிபொருள் முள்ளைப் பார்த்தார்,
பிறகு என்னை,
பிறகு மறுபடி முள்ளை.
மறுபடி இறக்குங்கள் என்றேன்.
மூன்று மணி நேரம் என்றார்.
தெரியும் என்றேன்.

வின்ச் முனகத் தொடங்கியது.
தெயாரோவா ஒன்றும் கேட்காமல்
எனக்கும் சேர்த்துச் சீட்டுப் போட்டான்.
விரலில் பல் கீறிய இடம்
உப்புத் தண்ணீர் பட்டு
எரிந்துகொண்டிருந்தது.