காவல்காரன் வீட்டு முள்சீத்தா

கொயாவ் ஊரில்
சாதிக்காய்க் கிடங்குக்கு நான் இராக்காவல்.
என் வாசலில் நிற்பதோ
தூக்கம் தரும் மரம்.

சிரிக்கவேண்டாம்.
கிரெனடாவில் எல்லோரும்
சிரித்து முடித்துவிட்டார்கள்.

முள்சீத்தா.
கிளையில் காய்க்கும்; பொறுமை போனால்
அடிமரத்திலேயே காய்க்கும்.
உடம்பெல்லாம் முள், பழுத்துவிட்டால்
விரல் பட்டாலே உள்வாங்கும்.
என் மாமியாரைப் போல என்பேன்,
அயாந்தி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து.

காலை ஆறுக்கு வந்து கட்டையைச் சாய்ப்பேன்.
ஆறரைக்குக் கதவு தட்டும்.
மீன்காரி பெர்னிஸ், கண்ணடியில் கருவளையம்:
"ஏழு இலை, ஆல்பன். கொழுந்து வேண்டாம்,
பழுப்பும் வேண்டாம், நடுவயசு இலையாகக் கொடு."
அடுத்து பள்ளிக்கூடத்து வாத்தியார்.
இரத்தக்கொதிப்பாம், பிள்ளைகளால்.
அப்புறம் ஒருத்தி,
தோளில் பத்து நாள் சிசு,
பால் ஊறப் பழம் வேண்டும் அவளுக்கு.
விதையை அரைத்துப் பேனுக்குப் பூசுகிறேன் என்பவளிடம் மட்டும்
எழுந்து உட்கார்ந்து சொல்வேன்:
கண்ணில் பட்டால் கண் போகும், வேண்டாம்.
கொட்டாவிக்கும் கொட்டாவிக்கும் நடுவில்
இப்படி ஒரு வைத்தியசாலை.
ஊரைத் தூங்கவைத்தே
நான் தூங்காமல் கிடந்தேன்.

லியாண்டர் வந்த நாளை மறக்கவில்லை.
பேருந்து ஓட்டுகிறவன், அன்று நடந்து வந்தான்.
தங்கைக்கு மார்பில் கட்டி.
"இது கரைக்குமாமே?"
மரத்தைப் பார்த்தேன்.
மரம் ஒன்றும் சொல்லவில்லை.
"தூங்கவைக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
இலையைக் கொண்டு போ.
அவளையும் உன் வண்டியில் ஏற்றிப் போ,
செயின்ட் ஜார்ஜஸ் ஆஸ்பத்திரி வரைக்கும்,
வழியில் யார் கைகாட்டினாலும் நிறுத்தாதே."
போனான். இன்னும்
போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு ஃபிளாஸ்க்.
சிவப்பில் என் காப்பி.
நீலத்தில் அயாந்தியின் இலைக்கஷாயம்.
சிவப்பு உடைந்த வாரம்
இரண்டுமே நீலமாயின.

அன்றிரவு முதல் மிடறு கசந்தது.
புதுத் தூள்போல என்று
இன்னொரு கோப்பை ஊற்றிக் குடித்தேன்.
கடல் தன் பாயை விரித்தது, சுருட்டியது, விரித்தது.
பதினோரு வருஷக் கடன்
ஒரே தவணையில் வசூலானது.

சேவல் கூவ விழித்தேன்.
கிடங்குப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.
இரண்டு மூட்டை இல்லை.
ஒரு வெறும் சாக்கு மட்டும்
என் முழங்காலைப் போர்த்தி,
ஓரங்களைச் செருகி,
பனி இறங்காதபடி
பதமாய்.

மூன்று வாரக் கூலி பிடித்தார்கள்.
நியாயம்தான்.
யாரிடமும் சாக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

நாலாம் வாரம் ஒரு பையன் வந்தான்.
கெல்டன் என்றான். படகுத்துறைப் பக்கமாம்.
கையில் சாதிக்காய் மணம்.
அதற்கென்ன, இந்த ஊரில்
பாதிரியார் அங்கியிலும் அதுதான் மணக்கும்.
"தூக்கமே வரமாட்டேங்குது" என்றான்.
"எத்தனை நாளாக?"
விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில்
கையைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எத்தனை இலை போடணும்?"
"மற்றவர்களுக்கு ஏழு.
உனக்கு எத்தனையென்று நீதான் சொல்லணும்."

மரத்தையே நெடுநேரம் பார்த்து நின்றான்.
இரண்டே இரண்டு பறித்தான்.
கேட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்,
பழக்கம்.

இப்போதெல்லாம் ஃபிளாஸ்க்கை
முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.
சாக்கு என் நாற்காலியில் கிடக்கிறது.
இரவுக்கு நல்ல கதகதப்பு.