அடி வரைக்கும்

சேர் சொன்னது ஒரே வசனம்:
"அடி வரைக்கும் போய்ப் பாரும்."

உப்புவெளி ஹோட்டலில் முன்மேசைக்கு ஓர் ஆள்.
வந்த சீவிகள் பதினேழு.
நேர்முகத்துக்கு முன்னே முகநூல்.
இது என் வேலையின் எழுதாத பாதி,
சம்பளத் துண்டில் இல்லாதது,
வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்வது.

ஒருவன் மாபிள் பீச்சில் பியர் போத்தலோடு. கழித்தேன்.
ஒருத்தி பழைய முதலாளியைக் கஞ்சன் என்று எழுதி
நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சிரிக்க வைத்திருந்தாள்.
நானும் சிரித்தேன். பிறகு கழித்தேன்.
கிண்ணியாப் பிள்ளை ஒருத்திக்குக் கணக்கே இல்லை.
"எதை ஒளிக்கிறாவாம்?" என்றார் சேர்.
ஒளிக்காமல் இருப்பதற்கும்
ஒரு கணக்கு வேணும் போல.

பன்னிரண்டாவது, யதுகுலன். சாம்பல்தீவு.
இங்கிலிஷ் நல்லம், சிங்களம் அதைவிட நல்லம்.
மேலே எல்லாம் சாதாரணம்:
கோணேசர் தேர், கிரிக்கெட், தங்கச்சியின் சாமத்தியவீடு,
பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தரின்
கொத்துரொட்டிப் பொதியை இழுக்கும் மான்.
இறங்கினேன்.
இந்தத் துறைமுகத்தின் ஆழம் பார்க்க வந்தவர்கள்
ஈயக் குண்டு கட்டிக் கயிறு விட்டார்கள்;
எனக்குக் கட்டைவிரல்.
போன வருசம், பெற்றோல் வரிசை வருசம்,
கொரோனா, அதற்கும் கீழே,
இரண்டாயிரத்துப் பதினேழில் தட்டுப்பட்டது.

கச்சேரிக்கு முன்னால் வெயில்.
தாய் நிற்கிறா, கையில் லாமினேட் செய்த படம்.
படத்தில் இருப்பவனுக்கும் யதுகுலனுக்கும் ஒரே மூக்கு.
இவன் பள்ளிக்கூடச் சட்டையோடு
தாய்க்குக் குடை பிடிக்கிறான்.
ஒரு சொல்லும் எழுதவில்லை.
கீழே நாலு விருப்பம்.

ஐந்து.

விரல்தான். இரவு ஒன்று பத்து.
உடனே எடுத்தேன்.
கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கலாம்,
விழுந்த சத்தத்தை?

படுக்கையில் கிடந்து எண்ணினேன்,
இந்த வேலைக்கு விண்ணப்பித்த கிழமை
நான் அழித்த படங்களை. ஒன்பது.
இரண்டில் இதே வெயில்.
குடைதான் இல்லை.

நேர்முகம். இரவல் டை, முடிச்சு பெரிசு.
கேட்டதுக்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னான்.
சேர் வழமைபோல முடித்தார்,
"உமக்கு எங்களிட்ட ஏதும் கேக்க இருக்கா?"
அவன் என்னைப் பார்த்தான்.
"போட்டதையா, எடுத்ததையா, மிஸ்,
எதை நான் பதிலா எடுக்கிறது?"
சேர் அதைச் சம்பள விஷயம் என்று நினைத்து
"அது பிறகு அறிவிப்பம்" என்றார்.

படிவத்தின் கடைசிக் கட்டம்: சமூக ஊடக அவதானம்.
பேனை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன்:
கிரிக்கெட் பார்ப்பவர்.
வெயிலில் நெடுநேரம் நிற்கக்கூடியவர்.

"அடி வரைக்கும் போனனீரா?"
"போனனான், சேர்."
"என்ன கிடந்தது?"
"மணல்."