போன கோடையில் என்ன செய்தீர்கள்?

பிராஸ் பாசா, நான்காம் மாடி.
குளிர்சாதனம் பதினெட்டில் நிற்க
ஸ்வெட்டருக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு
'நட்சு' என்று எழுதுகிறோம். கோடை.

'கோடை வந்தது.'
எங்கே போயிருந்தது, வருவதற்கு?
ஹஃபீஸ் முணுமுணுக்கப் பின்வரிசை சிரிக்கிறது.
அக்னி நட்சத்திரத்துக்காவது
காலண்டரில் முடிவுத் தேதி உண்டு.

வினைச்சொல் கடைசியில் வரும்,
அது எனக்குச் சுலபம்.
ழகரம்தான் ஒத்துழைக்கவில்லை.
குழலி இங்கே குராரி.
மியாஷிதா சென்செய் மூன்று முறை முயன்று
மூன்று முறையும் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுப்பாடத்தை
சாங்கிக் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து
எம்ஆர்டியில் நின்றபடி
பென்சிலால் எழுதினேன்:
'போன கோடை இன்னும் முடியவில்லை.'

தாள் திரும்பி வந்தது.
வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
பிழை போலும்.
தோபி காட் வரும்வரை யோசித்தேன்:
கடற்கரைக்குப் போனேன்,
தர்பூசணி தின்றேன்,
வாணவேடிக்கை பார்த்தேன்.
செய்யாததெல்லாம்
பிசகாத இறந்தகாலத்தில்.

அடுத்த வாரம் ஹஃபீஸ்தான் சொன்னான்,
ஜப்பானில் வட்டமென்றால் சரி.

என் வட்டத்துக்குள்
ரப்பர் தேய்த்த வெள்ளை.