முதுகுப் பக்கம் நிற்பவள்

முகங்கள் எனக்கு நினைவில் நிற்பதில்லை.
முதுகுகள் நிற்கும்.
இடத் தோளில் மூன்று மச்சம் உள்ள முதுகு.
போன வாரம், வியர்வை காய்ந்து உப்புப் பூத்த முதுகு.
இன்று விடியற்காலை நான்கு மணிக்கு,
புந்தா அரேனாஸின் காற்று
ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கையில்
யாஸ்னா மிமிட்சாவின் முதுகு.

நண்டுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்காரி.
கொதிதொட்டியிலிருந்து ராஜநண்டுகளை அள்ளிப்போடும் கைகள்
தலையணையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன.
இருபது மணி நேரம். நான்கு சென்டிமீட்டர்.
"எங்கம்மா ஐந்து பெற்றாள், ஊசி இல்லாமல்"
என்றாள், என்னிடம் மன்னிப்புக் கேட்பவள்போல.
நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்லவில்லை.

குனி, என்றேன். இன்னும்.
நெடுஞ்சாலை ஓரத்து லெங்கா மரங்களைக்
காற்று ஒரே பக்கமாய் வளைத்து வைத்திருக்கிறதே, அப்படி.
வலி வந்தால் அசையாதே.
வந்தது. அசையவில்லை.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
விரல்நுனிக்கு மட்டும் தெரிந்த பள்ளம்.
ஊசிக்குத் தடை, தடை, இன்னும் தடை,
சட்டென்று இல்லை.
பதினெட்டு வருடமாகியும் அந்த இடத்தில்
என் மூச்சு ஒருகணம் நிற்கும்.
மயிரிழை அப்பால் போனால்
நாளை அவளால் தலையைத் தூக்க முடியாது.

பத்து நிமிடம். பதினைந்து.
வலத் தொடை போயிற்று, இடத் தொடை போகவில்லை.
"பாதிதான் விடுதலை" என்றாள், பற்கள் கிட்டி நடுங்க.
ஒருக்களித்துப் படுக்கவைத்தோம்.
குழாயை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்தேன்.
ரத்த அழுத்தம் படியிறங்கிற்று,
மருந்து கொடுத்து ஏற்றினேன்.
இடதும் மரத்தது.

பிறகு தூங்கினாள்.
வாய் திறந்து, குறட்டையோடு.
மானிட்டர் தாளில் மலைகள் எழுந்து விழுந்தன
சொந்தக்காரி அறியாமல்.

கொஞ்சம் கொஞ்சமாய் மலைகள் குன்றாயின.
இடைவெளி நீண்டது.
மருத்துவச்சி எர்சிலியா
சொட்டு மருந்தைக் கூட்டினாள், என்னைப் பார்க்காமல்.
நீ தூங்கவைத்தது அவளை மட்டுமில்லை என்று
அந்த முதுகிலும் எழுதியிருந்தது.

ஒன்பது மணிக்குப் பத்து சென்டிமீட்டர்.
"முக்கு" என்றாள் எர்சிலியா.
"எதை?" என்றாள் யாஸ்னா.
யாரும் சிரிக்கவில்லை.
அவள் கையைப் பிடித்து அவள் வயிற்றின்மேலேயே வைத்தாள் எர்சிலியா.
கல்லாகிறது பார். அதுதான் அது. இப்போது.

ஒரு மணி நேரம்.
இன்னொன்று.
மருந்தைக் குறைத்தேன்.
தூரத்திலிருந்து ஒரு பாரம் நடந்து வந்தது.
"வருது, வருது" என்று கத்தினாள்,
தொலைந்த எதையோ கண்டெடுத்தவள்போல.
எனக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

உறிஞ்சு கிண்ணம் ஒருமுறை வழுக்கிற்று.
மறுமுறை பிடித்தது.
பெண். மூன்றே கால் கிலோ.
உச்சியில் கலஃபாத்தே பழ நிறத்தில் ஒரு வட்டம்.
சில நாளில் போய்விடும், என்றார்கள்.

மதியம் குழாயை எடுக்கப் போனேன்.
போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த
தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அது அசைந்தது. மறுபடி அசைத்தாள்.
"யார் நீங்கள்?" என்றாள்.
குனி, என்றேன்.
குழந்தையை அணைத்தபடி
சொல்லி முடிக்குமுன் வளைந்தாள்.

பிளாஸ்திரியைப் பிய்த்தபோது 'ஸ்ஸ்' என்றாள்.
"வலிக்கிறதா?"
"ஆமாம்" என்றாள்,
ஆச்சரியமாய்.