நாலாவது பதில்

ஆகஸ்ட். பகல் பதினொரு மணி.
நிழல் செருப்புக்குள் ஒடுங்கும் நேரம்
நீர் வாரியத்திலிருந்து பெல்ட்ரான் வந்தார்.
அளவு நாடா, டேப்லெட், பிடரி மறைக்கும் தொப்பி.

"புல்லை எடுத்துவிட்டீர்கள், சரி.
செடிகள் எங்கே?"

எழுநூற்றிருபது சதுர அடி.
அடிக்கு இரண்டு டாலர் மானியம்.
பாதி நிலத்தையாவது உயிருள்ள செடி மூடியிருக்க வேண்டும்
என்கிறது படிவத்தின் நாலாம் பக்கம்.
படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.
எந்த மாதத்தில் என்று அது சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது இவருக்கு?

அக்டோபர் கடைசி.
பள்ளிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வந்து
ஒரு கரண்டி விதையை ஒரு வாளி மணலில் கலந்து
கோழிக்குத் தீனி வீசுகிறவள் மாதிரி வீசினேன்.
பாலை நீலமணி. இந்த மொகாவேயின் சொந்தப் பிள்ளை.
கடுகைவிடச் சின்னது.
வெளிச்சம் பட்டால் முளைக்க மறுக்கும்.
மெல்லிசாக மணல் போர்த்தி
மேலே பலகை போட்டு, பலகைமேல் நான் நடந்தேன்.
வேலிக்கு அப்பாலிருந்து கிளெண்டா கேட்டாள்:
"யாரைப் புதைக்கிறாய், ஒடெசா?"

மறுநாளே எறும்புகள்.
சிவப்பு, கடித்தால் ராத்திரிவரை எரியும் சாதி.
வரிசையாக என் விதைகளைத் தூக்கிக்கொண்டு போயின,
கூலி பேசி வைத்த ஆட்கள் போல.
வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.
பேருந்தில் சொன்னால் வேலை போய்விடும் வார்த்தைகள்.

நவம்பரில் அரை அங்குலம் மழை.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு ஜனவரியில், யாரும் கேட்காமல், இரண்டு நாள்.

பச்சை தெரிந்தது.
முழங்கால் போட்டுக் களை பிடுங்கினேன்.
மூன்று சனிக்கிழமை.
நான் காப்பாற்றியது எங்கிருந்தோ வந்த புல்லை,
பிடுங்கி எறிந்தது நீலமணியை.
முன்கை முழுக்கத் தடிப்பு கிளம்பிய பிறகுதான்,
அதன் ரோமம் சிலருக்கு ஆகாது என்று
மருந்துக்கடைக்காரர் சொன்ன பிறகுதான்,
தெரிந்தது.
என்னிடம் அது தன் பெயரைச் சொன்ன விதம் அப்படி.

மிஞ்சியது
என் கை எட்டாத ஒரே இடத்தில்:
எறும்புப் புற்றைச் சுற்றி.
உள்ளே கொண்டுபோய் வேண்டாமென்று வெளியே தள்ளியவை,
வழியில் தவறவிட்டவை,
வட்டமாக, நெருக்கமாக,
நான் பலகை போட்டு மிதிக்காமலே.

மார்ச் பத்தாம் தேதி வாக்கில் பூத்தது.
நீலம் என்றால் எழுதும் மையின் நீலம்.
தொட்டால் விரலில் ஒட்டும் என்று தோன்றும், ஒட்டாது.
காலை ஏழு இருபதுக்கு என் வீட்டைத் தாண்டும்போது
பிள்ளைகள் எல்லாம் இடப்பக்க ஜன்னலுக்குப் பாய
பேருந்தே ஒரு விரற்கடை சாய்ந்தது.
கண்ணாடியில் பார்த்து "உட்காருங்கள்" என்று கத்தினேன்.
வேகத்தையும் குறைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வாரம்.
மே மாதம் சருகு.
ஜூனில் அதுவும் காற்றோடு.

பெல்ட்ரான் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.
கிளெண்டாவின் புல்வெளியைப் பார்த்து
"அது நன்றாயிருக்கிறதே" என்றார்.
செத்த புல்லுக்கு அவள் வசந்தத்தில் அடித்த பச்சைப் பெயிண்ட்.
காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.
மூன்று கட்டங்கள்:
உயிருடன். இறந்தது. இல்லை.
"ஒன்றைத்தான் தொட முடியும், அம்மா."

புற்றோரம் குனிந்து
ஒரு பிடி மண் அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
"எண்ணிக்கொள்ளுங்கள்."

மரியாதைக்காரர். கீழே கொட்டவில்லை.
உற்றுப் பார்த்தார்,
கொஞ்ச நேரம், நிஜமாகவே.
அடுத்த கையால் மூன்றாவது கட்டத்தைத் தொட்டார்.
வைக்க இடமில்லாமல் மண்ணைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
வண்டியை எடுத்தார்.

காசோலை வரவில்லை.
வராது.

துவைக்கப் போடும் முன்
பையைத் துழாவிப் பார்க்கிற ஆளா அவர்,
அது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும்.